வசன எண்ணும் ஓரக்குறிப்பும்

ஒரு நூலை வாழ்நாள் முழுவதும் வாசிப்பவர் அதன் ஓரங்களில் எழுதிவைப்பவை தனியொரு நூலாகவே வளர்ந்துவிடுகின்றன. ஆனால் தேவைப்படும் நேரத்தில் கைக்கு அகப்படாத குறிப்பு எழுதப்படாத குறிப்பே. விவிலியத்தை ஊன்றிப் படிப்போர் இத்துன்பத்தை மற்றெவரையும்விட மிகுதியாக அறிந்தவர்கள். இன்று அவர்களுள் பலர் குறிப்புகளைக் கணினியில் எழுதுகின்றனர். தேடுகட்டத்தில் ‘ரோமர் 8:28’ என்று இட்டால், பல ஆண்டுகளுக்கு முன் அந்த வசனத்தைப் பற்றி எழுதி மறந்துபோன வரிகளும் திரையில் வந்து நிற்கின்றன. நேற்றைய மென்பொருள் தந்த கொடை போலத் தோன்றும் இவ்வசதிக்குப் பின்னால் ஏறத்தாழ 800 ஆண்டு உழைப்பு இருக்கிறது. அது எதன்மேல் நிற்கிறது, எங்கே வழுக்குகிறது என்பதை இலக்கிய வாசகர்களாகிய நாமும் அறிந்துகொள்வது நலம்.

பழங்காலத்தில் விவிலியத்திற்கு எண்கள் இல்லை. எபிரேய மரபில் வசனம் முடியும் இடத்தைக் காட்டும் குறி உண்டு, எண் கிடையாது. கிரேக்கப் படிகள் தமக்கெனச் சில பகுப்புகளை வைத்திருந்தன. அவை இன்றைய அதிகாரங்கள் அல்ல. ஒரு பகுதியைச் சுட்ட விரும்பியவர் அதன் பொருளைச் சொல்லியே சுட்டினார். மாற்கு நற்செய்தியின் 12ஆம் அதிகாரத்தில் இயேசு, மோசேயின் நூலில் முட்செடியைப் பற்றிய பகுதி என்றே குறிப்பிடுகிறார். கேட்டவர்களுக்கு அது போதுமானதாக இருந்தது. நூலை மனப்பாடமாக வைத்திருந்த சமூகத்திற்கு முகவரி தேவைப்படவில்லை.

தேவை பிறந்த இடம் பாரிஸ். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே பல நாட்டு மாணவர்கள் பல்வேறு படிகளை வைத்துக்கொண்டு ஒரே விரிவுரையைக் கேட்டனர். ஆசிரியர் சுட்டும் இடத்தை அனைவரும் ஒருங்கே எடுக்கவேண்டும். இன்று வழங்கும் அதிகாரப் பகுப்பை அங்கு ஆசிரியராக இருந்து பின்னர் காண்டர்பரிப் பேராயரான ஸ்டீபன் லாங்டனின் பெயரோடு இணைத்துச் சொல்வது மரபு. அடுத்த தலைமுறையில் பாரிஸின் செயின்ட் ஜாக் மடத்தைச் சேர்ந்த தொமினிக்கன் துறவிகள், செயின்ட் ஷேரின் ஹியூ என்பவர் தலைமையில், இலத்தீன் விவிலியத்திற்குச் சொல்லடைவு ஒன்றைத் தொகுத்தனர். அப்போது வசன எண் இல்லை. ஆகவே ஒவ்வோர் அதிகாரத்தையும் மனத்தாலேயே ஏழு கூறாக்கி ஏ முதல் ஜி வரை எழுத்திட்டனர். ‘இச்சொல் இந்நூலில், இத்தனையாம் அதிகாரத்தில், சி பகுதியில்’ என்பதே அவர்கள் தந்த முகவரி. சொற்றொடர் எதையும் எடுத்துக் காட்டாமல் இடத்தை மட்டும் காட்டியதால், ஒவ்வொரு முறையும் மூலத்தைப் புரட்ட வேண்டியிருந்தது. ஆயினும் நினைவை நம்பாமல் ஒழுங்கை நம்பித் தேடும் பழக்கம் அங்கே வேரூன்றியது எனலாம்.

இந்த எண்கள் சமய எல்லையையும் கடந்தன. 15ஆம் நூற்றாண்டில் தென்பிரான்சில் வாழ்ந்த யூத அறிஞர் ஐசக் நாத்தான், எபிரேய விவிலியத்திற்குச் சொல்லடைவு அமைத்தபோது கிறித்தவரின் இலத்தீன் அதிகார எண்களையே எடுத்தாண்டார். கிறித்தவரோடு வாதிடும் யூதருக்கு உதவுவது அவர் நோக்கங்களுள் ஒன்று. எதிராளியோடு வழக்காடுவதற்கும் இருவருக்கும் பொதுவான முகவரி வேண்டியிருக்கிறது.

வசன எண்ணை நிலைபெறச் செய்தவர் அச்சகர் ராபர்ட் எஸ்தியேன். பாரிஸிலிருந்து ஜெனீவாவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1551இல் அங்கு வெளியிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இன்று வழங்கும் வசன எண்களை இட்டார். நடுவில் கிரேக்கம், இருமருங்கிலும் இரண்டு இலத்தீன் மொழிபெயர்ப்புகள் என்பது அப்பதிப்பின் அமைப்பு. மூன்றையும் ஒப்புநோக்க எண்கள் துணைநின்றன. பாரிஸிலிருந்து லியோன் செல்லும் வழியில் குதிரைப் பயணத்தினூடே தந்தையார் இப்பகுப்பைச் செய்தார் என்று மகன் ஹென்றி எழுதியிருக்கிறார். குதிரையின் குலுக்கலில் எழுதுகோல் தவறிய இடமெல்லாம் வசனம் முறிந்தது என்று பிற்காலத்தார் கேலி பேசினர். கேலியை விட்டுவிட்டு ஒன்றை நாம் கவனிக்கவேண்டும். ராபர்ட் அந்த எண்களை இட்டது, தாம் திட்டமிட்டிருந்த கிரேக்கச் சொல்லடைவு ஒன்றை மனத்திற்கொண்டே. மகன் அதனை 1594இல் வெளியிட்டார். ஆக, வசன எண் வாசிப்புக்கெனப் பிறந்ததன்று; தேடலுக்கெனப் பிறந்தது.

வாசிப்பு அதற்கு விலை கொடுத்தது. 1560இன் ஜெனீவா ஆங்கில விவிலியம் ஒவ்வொரு வசனத்தையும் தனிப் பத்தியாக அச்சிட்டது. தொடர்ந்து ஓடும் கடிதமும் கதையும் துண்டு துண்டாகக் கண்ணில் பட்டன. மெய்யியலாளர் ஜான் லாக், பவுலின் கடிதங்களைப் பற்றிய தம் நூலின் முன்னுரையில் இதனைக் கடுமையாகவே சாடினார். அதிகாரமும் வசனமுமாக நறுக்கப்பட்டதால் மக்கள் ஒவ்வொரு வசனத்தையும் தனித்த முதுமொழியாகக் கொண்டு வாதத்தின் தொடர்ச்சியை இழக்கின்றனர் என்பது அவர் முறையீடு. அதே லாக், வெற்றுத்தாள்களை இடையிடையே கோத்துக் கட்டிய விவிலியத்தில், வசனங்களுக்கு எதிரே தம் குறிப்புகளை எழுதிவைத்தவர். எண்ணைக் குறை கூறியவருக்கும் எண் இல்லாமல் இயலவில்லை.

இவ்வகை வெற்றுத்தாள் விவிலியங்களுள் பெயர்பெற்றது அமெரிக்க இறையியலாளர் ஜானதன் எட்வர்ட்ஸினுடையது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டனில் போதகராயிருந்த அவர், 1724 முதல் விவிலியக் குறிப்புகளைத் தனி ஏடுகளில் தோன்றிய வரிசையிலேயே எண்ணிட்டு எழுதிவந்தார். ஏடு பெருகப் பெருக, எந்த வசனத்திற்கு எந்த எண்ணுள்ள குறிப்பு என்று காண்பது கடினமாகும் அல்லவா? 1730 அளவில் அவருக்கு வேறொரு கருவி கிடைத்தது. சிறிய அச்சு விவிலியம் ஒன்றைப் பிரித்து, அதன் தாள்களுக்கிடையே பெரிய வெற்றுத்தாள்களைச் சேர்த்துக் கட்டிய நூல் அது. 1758இல் இறக்கும்வரை அதில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குறிப்புகளை எழுதினார். பழைய ஏடுகளில் உள்ளவற்றுக்கு எண் சுட்டி இணைப்பும் கொடுத்தார். முதலாவது முறை, எழுதிய காலத்தின் வரிசை. இரண்டாவது, நூலின் வரிசை. இரண்டையும் பிணைத்து அவர் கையால் செய்ததே இன்றைய மென்பொருள் நொடியில் செய்யும் வேலை. அந்நூல் இன்றும் யேல் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது, 2006இல் அச்சேறியது.

அடுத்த இரு நூற்றாண்டுகளை விரைந்து கடப்போம். 1737இல் அலெக்சாண்டர் குரூடனும் 1890இல் ஜேம்ஸ் ஸ்ட்ராங்கும் ஆங்கிலச் சொல்லடைவுகளை வெளியிட்டனர். ஸ்ட்ராங், மூலமொழிச் சொற்களுக்கே எண்ணிட்டார். 1957இல் ஜான் எல்லிசன், யூனிவாக் கணினியைக் கொண்டு தொகுத்த சொல்லடைவு வந்தது. 1990களில் லோகோஸ், பைபிள்வொர்க்ஸ், அக்கார்டன்ஸ் முதலிய மென்பொருள்கள் தனிவாசகரின் மேசைக்கு வந்தன. துறவிகள் தேடியது நூலை. இப்போது வாசகர், நூலின் வழியாகத் தம்மையே தேடத் தொடங்கினார்.

இத்தேடல் எளிதன்று. ‘மத்தேயு 5:8’ என்று கேட்கும்போது கணினி அவ்வெழுத்துகளை மட்டும் தேடினால், ‘மத். 5:8’ என்று எழுதிய குறிப்பு தப்பிவிடும். 5:3 முதல் 12 வரை என்று பேறுகளின் பகுதி முழுவதற்கும் எழுதிய குறிப்பும் தப்பிவிடும். எட்டாம் வசனம் அதனுள் அடக்கம் என்பது எழுத்துகளில் தெரியாது. எனவே நல்ல மென்பொருள், மேற்கோளை எழுத்தாகக் கொள்ளாமல் இடமாகக் கொள்கிறது. நூல், அதிகாரம், வசனம் ஆகியவற்றை உள்ளே எண்களாக மாற்றி, இரு எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவா என்று பார்க்கிறது. அந்த வசனத்திற்கென்றே எழுதிய குறிப்பு வேறு. வேறொன்றைப் பற்றி எழுதுகையில் அவ்வசனத்தைப் போகிறபோக்கில் சுட்டிய குறிப்பு வேறு. இரண்டையும் பிரித்துக் காட்டாவிட்டால் வாசகர் குவியலில் திணறுவார்.

இதனினும் ஆழமான சிக்கல், முகவரியே ஒன்றாக இல்லாமை. எபிரேயத்தில் 9, 10 என இரண்டாக உள்ள சங்கீதங்கள் கிரேக்க மொழிபெயர்ப்பிலும் அதன்வழி வந்த இலத்தீனிலும் ஒன்றே. ஆகவே மேய்ப்பனைப் பாடும் 23ஆம் சங்கீதம் அங்கே 22. எபிரேயம் சங்கீதத்தின் தலைப்பையும் வசனமாக எண்ணுவதால், 51ஆம் சங்கீதத்தின் முதல் வசனம் அங்கே மூன்றாவது. யோவேல் ஆங்கில மரபில் மூன்று அதிகாரம், எபிரேயத்தில் நான்கு. மத்தேயு 17:21 பழைய கையெழுத்துப் படிகள் சிலவற்றில் இல்லாமையால், பல புதிய மொழிபெயர்ப்புகளின் ஓட்டத்தில் 20க்குப் பின் 22 வருகிறது. 21க்கு எழுதிய குறிப்பு எங்கே போய் ஒட்டும்?

தமிழில் இச்சிக்கல் பெயரளவிலேயே தொடங்கிவிடுகிறது. சீர்திருத்தச் சபையினரின் ஆதியாகமம், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் தொடக்க நூல். யாத்திராகமம் விடுதலைப் பயணம் ஆயிற்று, சங்கீதம் திருப்பாடல்களாயிற்று. இரண்டையும் பயில்பவரின் குறிப்புகள் இரு பெயர்களில் சிதறிக்கிடக்கும். இரு பெயரும் ஓரிடத்தையே சுட்டுகின்றன என்று மென்பொருளுக்குக் கற்பிக்காவிட்டால், பாதிக் குறிப்புகள் அவருக்கு அந்நியமாகும். திருக்குறள் பயில்வோருக்கு இது புதிதன்று. அதிகாரத்திற்குள் குறள்களின் வரிசை மணக்குடவரிடம் ஒருவிதம், பரிமேலழகரிடம் ஒருவிதம். குறள் எண்ணை மட்டும் குறித்துவைப்பவர், தம்மை அறியாமலே ஓர் உரையாசிரியரின் பக்கம் சாய்ந்துவிடுகிறார்.

எண் என்பது இயற்கை அன்று, ஏற்பாடு. பாரிஸின் வகுப்பறையும் ஜெனீவாவின் அச்சகமும் செய்த முடிவுகளின்மேல் நம் அந்தரங்க நினைவு அமர்ந்திருக்கிறது. அதற்கு அடுத்த தளம் மென்பொருள், அதுவும் நிலையானதன்று. 1992இல் தொடங்கிய பைபிள்வொர்க்ஸ் 2018இல் தன் பணியை நிறுத்திக்கொண்டது. வாங்கிய நூல்களை வேறிடத்தில் மீண்டும் வாங்கலாம். இருபதாண்டுக் குறிப்புகளை எங்கும் வாங்க முடியாது. எட்வர்ட்ஸின் தாள்கள் 250 ஆண்டுகளுக்குப் பின்னும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், அவற்றைத் திறக்க எந்த நிறுவனத்தின் தயவும் தேவைப்படாததே.

ஆகவே குறிப்பெழுதுவோர் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம். வசன எண்ணோடு எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் எழுதவேண்டும். எண் மாறினாலும் இடம் தெரிய, வசனத்தின் முதல் இரண்டொரு சொற்களையும் சேர்த்தல் நன்று. ஒரு வசனத்திற்கான குறிப்பிலும் அது எந்த வாதத்தின் பகுதி என்று ஒரு வரி இருந்தால் லாக்கின் முறையீட்டுக்கு விடை கூறியவர்களாவோம். எல்லாக் குறிப்புகளையும் எந்தக் கணினியும் படிக்கக்கூடிய எளிய உரைக்கோப்பாக ஆண்டுக்கொருமுறை எடுத்துவைக்கவேண்டும். அதனைத் தாளில் அச்சிட்டு வைப்பவரைப் பார்த்து நாம் நகைக்கவேண்டியதில்லை.