கொக்குத் தலையும் 26 மரையும்

செயின் வீலில் மூன்று கொக்குத் தலைகளைப் பார்த்தால் அது ராலே சைக்கிள். விருதுநகர் மண்டிக் கடைகளின் பின்கட்டில் இன்னும் சில தூசி படிந்து சாய்ந்திருக்கின்றன. மல்லி, வத்தல் வியாபாரத்தில் கணக்கு வசூலிக்க என் தாத்தா சாத்தூருக்கும் அருப்புக்கோட்டைக்கும் மிதித்த வண்டியும் அப்படித்தான் கிடந்தது.

அதை மறுபடி ஓட்டவேண்டும் என்று இறங்கியபோது முதலில் வழிமறித்தது பெடல் அச்சு உட்காரும் கப்பு. இப்போது வருகிற சீல் வைத்த அச்சைத் திருகினால் ஒன்றிரண்டு சுற்றோடு இறுகி நின்றுவிடும். பிரிட்டிஷ் சைக்கிள்களில் கப்புக்கு அங்குலத்துக்கு 24 மரை என்பதே பொது வழக்கம். 1887-ல் ஃபிராங்க் பவுடன் கையில் எடுத்து வளர்த்த நாட்டிங்காம் ராலே மட்டும் 26 மரை வெட்டியது. விட்டம் ஏறக்குறைய ஒன்றே. மரை கேஜ் வைத்தால்தான் வித்தியாசம் பிடிபடும். பலம் போட்டால் கெடுவது ஃபிரேம்.

பொருந்தாத சாமானுக்கும் எங்கள் பக்கத்தில் வழி உண்டு. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தொழில் கற்றுத் திரும்பிய பிறகு சிவகாசியில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொழில்கள் வளர்ந்தன. கிராமத்துக்கும் ஆலைக்கும் நடுவே ஓடியது சைக்கிள். அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கும் லேத் பட்டறைகள் இங்கே நிறைய உண்டு. கையில் சாமான் இல்லாவிட்டாலும் கடைந்து தரும் ஆள் இருக்கிறார் என்பதே எங்கள் பகுதியின் பலம் என்று நினைக்கிறேன்.

ஆனால் என் வண்டிக்கு லேத் தேவைப்படவில்லை. "தம்பி, வலது கப்பைக் கழட்டவே வேணாம், குண்டை மட்டும் மாத்துவோம்" என்றார் சைக்கிள் கடை அண்ணாச்சி. சொன்னது எவ்வளவு சரி! வலப்பக்கக் கப்பு தலைகீழ் மரை. வழக்கம்போல் சுற்றினால் இன்னும் இறுகும். பக்கத்துக்குப் பதினொன்றாக கால் அங்குல பேரிங் குண்டுகள், புதுக் கிரீஸ், அவ்வளவுதான்.

பொறுமையைச் சோதித்தது கிராங்கை அச்சோடு பிணைக்கும் காட்டர் பின். ராலேக்கு 9.5 மில்லிமீட்டர். அதன் சாய்ந்த முகம் அச்சின் பள்ளத்தில் முழுதும் படியாவிட்டால் இரண்டு கிராங்கும் ஒரே கோட்டில் நிற்காது. மிதிக்கும்போது ஒரு கால் முந்தும். அண்ணாச்சி பின்னில் நீலம் தடவி உள்ளே தட்டி, வெளியே எடுத்து, நீலம் அழிந்த இடத்தை மட்டும் அரத்தால் இழைத்தார். திரும்பத் திரும்ப. இரண்டு பின்களும் எதிரெதிர்த் திசையில் நுழையவேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

பின்சக்கர ஹப்பில் ஸ்டர்மி-ஆர்ச்சர் ஏ.டபிள்யூ., 52 என்ற முத்திரை, அது 1952. மூன்று கியர். கேபிள் இல்லாவிட்டால் அது உயர் கியரிலேயே நிற்கும், நேர் கியரைவிட மூன்றில் ஒரு பங்கு கனமாக. எதிர்காற்றில் முழங்கால் வலி எடுக்கும். கேபிள் போட்டோம். செயின் அரை அங்குலம், எட்டில் ஒரு அங்குல அகலம். இப்போதைய கியர் சைக்கிளின் மெல்லிய செயின் இந்தப் பற்களில் உட்காராது.

பழைய ராலேயைப் பிரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: தேய்ந்த கப்பாக இருந்தாலும் இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். 26 மரையில் இன்னொன்று தேடி அலையும் ஒருவருக்கு அது வேண்டியிருக்கும்.