பரிசளிப்பு விழாவும் நம் மக்களின் வரலாறும்

கல்வியாண்டின் இறுதியில் பாராட்டு விழா எடுப்பது இன்று எல்லாக் கல்வி நிறுவனங்களிலும் காணப்படும் வழக்கமாகும். தேர்வில் சிறந்தோர், விளையாட்டில் வென்றோர், பேச்சிலும் இசையிலும் நாடகத்திலும் மேம்பட்டோர் ஆகியோரை மேடைக்கு அழைத்து, அவையோர் கையொலி எழுப்பப் பரிசு வழங்குகிறோம். இவ்விழா வெறும் ஆரவாரந்தானா? பிள்ளைகள் பாடத்தைப் படித்தார்கள், தேர்வில் தேறினார்கள், இதற்கு மாலையும் மேடையும் எதற்கு? இவ்வாறு வினவுவோர் நம்மிடையேயும் உளர். வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில் இவ்வினாவுக்கு வரலாற்றின் துணைகொண்டு விடை காண முயல்வது பொருத்தமாகும்.

மற்றவர்களுக்குக் கல்வி, விளையாட்டு, கலை என்னும் மூன்றும் ஒரே பள்ளியின் மூன்று பகுதிகள். நம் முன்னோர்க்கோ அவை தனித்தனியே தாழிடப்பட்டிருந்த மூன்று கதவுகள். ஒன்று திறந்த பின்னரும் மற்றவை மூடியே கிடந்தன. இதனை உணர்ந்தால்தான் பரிசளிப்பு விழாவின் பொருள் விளங்கும்.

கூடி விளையாட முடியாத சிறுவர்

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் 1939இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். 1893இல் ‘பறையன்’ என்னும் இதழைத் தொடங்கியவர். பின்னர் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் டாக்டர் அம்பேத்கருடன் அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடியவர். அத்தகைய பெருமகனார் தம் இளமைப் பருவம் பற்றிக் கூறும் செய்தி நெஞ்சை உருக்குவதாகும். கோயம்புத்தூரில் அவர் பயின்ற பள்ளியில் ஏறத்தாழ 400 மாணவர் இருந்தனர். அவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக அனைவரும் பார்ப்பன வகுப்பினர். தம் சாதியும் குடியிருப்பும் வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சிய அச்சிறுவர், பள்ளிக்கு வெளியே எங்கேனும் தனித்திருந்து படிப்பார். மணியடித்த பின்னரே வகுப்புக்குள் நுழைவார். பிற மாணவரோடு கூடி விளையாட இயலவில்லையே என்று எண்ணி எண்ணி மனங்கலங்கியதாக அவரே எழுதியுள்ளார்.

அவருக்குப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது, பாடமும் கிடைத்தது. விளையாட்டு மட்டும் கிடைக்கவில்லை. வகுப்பறையில் ஒருவரும் அறியாமல் அமர்ந்துவிடலாம். ஆனால் விளையாட்டில் ஒருவர் கையை ஒருவர் பற்ற வேண்டும், களைத்தபின் ஒரே குடத்து நீரை அருந்த வேண்டும், ‘உன் வீடு எங்கே’ என்ற கேள்விக்கு விடை கூற வேண்டும். ஆகவே, சமத்துவத்தின் உண்மையான தேர்வு விளையாட்டுத் திடலிலேதான் நடைபெறுகிறது எனலாம்.

பள்ளிக் கதவு திறந்த கதை

சென்னை மாகாணத்தில் பொதுப் பணத்தில் நடைபெற்ற பள்ளிகள் பலவும் அக்கிரகாரங்களிலும் கோயில் தெருக்களிலும் அமைந்திருந்தன. அத்தெருக்களில் நடக்கவே நம்மவர்க்கு உரிமையில்லாத காலம் அது. சட்டம் தடுக்காவிடினும் தெரு தடுத்தது. 1893இல் மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கெனத் தனி ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாற்றையடுத்து நம் பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். 1916இல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பெயரால் கல்விப் பணியைத் தொடங்கினார். 1920ஆம் ஆண்டையொட்டித் தொழிலாளர் துறை ஏற்பட்டு, ஆதி திராவிடர்க்கெனப் பள்ளிகள் பலவற்றை நிறுவியது. பின்னாளில் ஆதி திராவிடர் நலத்துறைப் பள்ளிகளாக வளர்ந்தவை இவற்றின் வழிவந்தவையே. 1924இல் பொதுச் சாலைகளும் கிணறுகளும் அனைவர்க்கும் உரியன என்னும் தீர்மானத்தைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசனார் நிறைவேற்றச் செய்தார். தெரு திறந்தாலன்றிப் பள்ளி திறவாது என்பதைத் தம் இளமைப் பட்டறிவால் நன்கறிந்தவர் அவர்.

முதற் பாராட்டுக் கூட்டம்

பள்ளித் தேர்வுக்காக நம் மக்கள் எடுத்த பாராட்டு விழாக்களுள் புகழ்பெற்றது பம்பாயில் அண்ணல் அம்பேத்கருக்கு எடுத்ததாகும். அவரே ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலுக்கு 1956இல் எழுதிய முன்னுரையில் இதனை விவரிக்கிறார். ஆங்கிலம் நான்காம் வகுப்பில் தேறியபோது அவ்விழா நிகழ்ந்தது என்பது அவர் கூற்று. வரலாற்றாசிரியர் தனஞ்சய் கீர், 1907இல் மெட்ரிக் தேறியபோது நிகழ்ந்தது என்பார். எத்தேர்வாயினும், பிற வகுப்பினர் அதனைப் பெரிதாகக் கருதியிரார். ஆனால் தம் சமுதாயத்திலிருந்து அந்நிலையை எட்டிய முதற்சிறுவர் அவர் என்பதால் நம் மக்கள் அதனைப் பெருஞ்சிகரமாகவே கண்டனர்.

விழா எடுக்க இசைவு வேண்டி அவர்கள் தந்தையார் ராம்ஜியிடம் சென்றபோது அவர் மறுத்துவிட்டார். ஒரு தேர்வில் தேறியதற்கு இத்தனை ஆரவாரம் செய்தால் பையனின் தலை கனத்துவிடும் என்பது அவர் அச்சம். விழா எடுப்போர் தந்தையின் நண்பரும் அறிஞருமான கேலுஸ்கரை நாடினர். அவர் வாதாடி இசைவு பெற்றார். தாமே தலைமை தாங்கினார். தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலைச் சிறுவர் பீமராவுக்குப் பரிசாக அளித்தார்.

ராம்ஜியின் அச்சம் நியாயமற்றதன்று. மேடையோடு முடிந்துபோகும் பாராட்டு பிள்ளையின் தலையைக் கனக்கச் செய்வதன்றி வேறொன்றும் செய்யாது. ஆனால் கேலுஸ்கரின் பாராட்டு மேடையோடு முடியவில்லை. பின்னர் மேற்படிப்புக்குப் பொருள் முட்டுப்பட்டபோது அவரே அம்பேத்கரைப் பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அழைத்துச் சென்று, திங்களுக்கு 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தார். அவர் பரிசளித்த நூலோ 1956ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் விளைந்த பெருமாற்றத்தின் விதைகளுள் ஒன்றாயிற்று. கையொலிக்குப் பின் கைகொடுத்தலும் வேண்டும் என்பதே இந்நிகழ்ச்சி நமக்குரைக்கும் பாடமாகும்.

விளையாட்டுக்கும் இத்தகைய முன்னோடி விழா உண்டு. தோல் தொழிலாளர் குலத்திற் பிறந்த பல்வங்கர் பாலு, கிரிக்கெட் திடலில் பணியாளாகத் தொடங்கிப் பந்துவீச்சாளராக உயர்ந்தவர். ஆட்டத்தின்போது தோளோடு தோள் நின்றவர்கள், இடைவேளையில் அவருக்குத் தனியே மண்குவளையில் தேநீர் கொடுத்தனர். 1911இல் இங்கிலாந்து சென்ற அணியில் அவர் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தித் திரும்பியபோது பம்பாய் வாழ் தாழ்த்தப்பட்ட மக்கள் பெருவிழா எடுத்தனர். அவ்விழாவில் பாராட்டுரை வழங்கிய இளைஞர் அம்பேத்கர். சில ஆண்டுகளுக்கு முன் பாராட்டுப் பெற்றவர், இப்போது பாராட்டுபவராக நின்றார். பரிசு பெற்ற கை பரிசு வழங்கும் கையாக மாறுவதே ஒரு சமுதாயத்தின் வளர்ச்சி.

புதுக்கோட்டை மண்ணில்

நம் மாவட்டத்திற்கு வருவோம். தொண்டைமான் மன்னர் ஆண்ட புதுக்கோட்டைத் தனியரசு 1948ஆம் ஆண்டு மார்ச்சு 3ஆம் நாள் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது; திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று; 1974ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள மன்னர் கல்லூரியில் முத்துலட்சுமி என்னும் இளம்பெண் சேர விரும்பியபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இசைவளித்தார். அப்பெண்ணே 1912இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1927இல் சென்னைச் சட்டமன்றத்தின் துணைத் தலைவராக உயர்ந்து, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆவார். அவர் நம் வகுப்பினரல்லர்; எனினும் பிறப்பைக் காட்டிப் பிறர் இழித்தபோது படிப்பால் நிமிர்ந்தவர் என்னும் முறையில் நம் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டாவார்.

1991இல் இம்மாவட்டத்தில் எழுந்த அறிவொளி இயக்கம் கல்வி வரலாற்றில் ஒரு திருப்பமாகும். மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கமளிக்க, தொண்டர்கள் ஊர்தோறும் பாட்டும் நாடகமும் கொண்டு சென்றனர். கலை இங்கே பாடத்தின் ஓரத்தில் ஒட்டிய அணியாக அமையவில்லை. கல்விக்கே வாயிலாக அமைந்தது. எழுத்தோடு மிதிவண்டியும் கற்பிக்கப்பட்டது. மிதிவண்டி பழகுதல் குறித்து முத்து பாஸ்கரன் எழுதிய பாட்டு ஊர்தோறும் ஒலித்தது. 1992இல் மகளிர் நாளையொட்டி நடந்த மிதிவண்டிக் காட்சிகளிலும் போட்டிகளிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டனர் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியுள்ளார். களத்துமேட்டிலும் கல் குவாரியிலும் உழைத்த பெண்கள், பிறர் ஏளனத்தையும் பொருட்படுத்தாது மிதிவண்டி ஏறினர். குவாரிகளைப் பெண்கள் குழுக்களே குத்தகைக்கு எடுக்கவும் அக்காலத்தில் வழி பிறந்தது. எந்தத் தெருவில் செருப்பணிந்து நடக்கவும் தடை இருந்ததோ, அதே தெருவில் மிதிவண்டி மணியொலித்துச் செல்வது பட்டம் பெறுவதற்கு ஒப்பான செயலன்றோ!

கத்தக்குறிச்சியின் ஓட்டம்

விளையாட்டில் நம் மாவட்டம் ஈன்ற பெருஞ்செல்வம் சாந்தி சௌந்திரராஜன். 1981இல் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். போதிய ஊட்டமின்றி வளர்ந்தவர். பாட்டனார் அவருக்கு ஓடக் கற்பித்தார். எட்டாம் வகுப்பில் அவர் வென்ற முதற்பரிசு ஒரு தகரக் கோப்பை. அடுத்தடுத்துப் பள்ளிப் போட்டிகளில் கோப்பைகள் குவிந்தன. அவர் திறமையைக் கண்ட பள்ளி ஒன்று கட்டணமும் சீருடையும் உணவும் அளித்துச் சேர்த்துக்கொண்டது. 2005இல் ஆசியத் தடகளப் போட்டியிலும், 2006இல் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியிலும் 800 மீட்டர் ஓட்டத்தில் அவர் வெள்ளிப் பதக்கம் வென்றார். தோகாவில் அவர் ஓடி முடித்த நேரம் 2 நிமிடம் 3.16 வினாடி.

சில நாட்களில் பாலினச் சோதனை ஒன்றைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் ஊக்க மருந்து உட்கொள்ளவில்லை, எவரையும் ஏமாற்றவில்லை. பிறப்பின் இயற்கையே குற்றமாகக் கொள்ளப்பட்டது. பிறப்பைக் குற்றமாக்கும் கொடுமையை நம்மினும் நன்கறிந்தவர் யார்? அன்றைய தமிழக முதலமைச்சர் மு. கருணாநிதி 15 லட்சம் ரூபாய் வழங்கினார். சாந்தி அப்பரிசைக் கொண்டு புதுக்கோட்டையில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் பயிற்றுவித்தார். ஆனால் 2012இல் அவர் மீண்டும் செங்கற்சூளையில் கூலி வேலை செய்கிறார் என்னும் செய்தி நாளிதழ்களில் வந்தபோது நாடு தலைகுனிந்தது. 2009இல் இதே 800 மீட்டர் ஓட்டத்தில் தென்னாப்பிரிக்க வீராங்கனை காஸ்டர் செமென்யாவுக்கு இத்தகைய சோதனை நேர்ந்தது. அவர் நாடு திரண்டு அவர் பக்கம் நின்றது. அவர் தங்கப் பதக்கத்தை இழக்கவில்லை. ஒரே ஓட்டம், ஒரே வகைச் சோதனை. பின்னால் நின்ற மக்களின் குரலிலேதான் வேற்றுமை. சாந்தி தளரவில்லை. தேசிய விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளர் பட்டயம் பெற்று, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பயிற்சியாளரானார்.

இனி நாம் செய்யத்தக்கன

2022ஆம் ஆண்டு டிசம்பரில் இம்மாவட்டத்தின் வேங்கைவயலில் நம் மக்கள் பருகும் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்தது கண்டறியப்பட்டது. பிள்ளைகள் நோயுற்ற பின்னரே அது வெளிப்பட்டது. மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாக் கதவுகளும் திறந்துவிட்டன என்று நாம் மயங்குதல் கூடாது.

எனவே, நம் பரிசளிப்பு விழா மூன்று கடமைகளை மேற்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, முதன் மதிப்பெண்ணை மட்டும் போற்றாது, திடலிலும் மேடையிலும் வென்றோர்க்கும் ஒத்த சிறப்பளித்தல். கூடி விளையாட முடியாது கலங்கிய அச்சிறுவருக்கு நாம் செலுத்தும் கடன் அது. இரண்டாவது, குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளையைத் தனியே அழைத்துப் பெருமைப்படுத்துதல். பிறர் கண்ணுக்கு அது சிறியது. நமக்கு அதுவே சிகரம். மூன்றாவது, பரிசு பெற்றோர் பெயர்களை ஏட்டிற் பதிந்து, ஆண்டுதோறும் அவர்கள் எந்நிலையில் உள்ளனர் என உசாவுதல். கட்டணம் முட்டுப்படுவோர்க்கும், வேலை தேடி அலைவோர்க்கும், பழி சுமத்தப்பட்டுத் தனித்து நிற்போர்க்கும் சங்கம் துணைநிற்க வேண்டும். இம்மூன்றாம் கடமை இல்லையெனில் ராம்ஜியின் அச்சமே உண்மையாகிவிடும்.

இளைஞர்களே! நீங்கள் மேடையேறிப் பெறும் கோப்பை சிறிதாயிருக்கலாம். சான்றிதழ் ஒற்றைத் தாளாயிருக்கலாம். ஆயினும் வகுப்பறைக்கு வெளியே மணியோசைக்குக் காத்திருந்த தலைமுறைகள் அதனைக் காண்கின்றன. பெற்றுக்கொள்ளுங்கள், நாளை வழங்குவோராகத் திரும்பி வாருங்கள். வெற்றி பெற்ற நாளில் கையொலி எழுப்பும் நாம், வீழ்ந்த நாளிலும் உங்கள் அருகிலிருப்போம் என்பதே இவ்வெள்ளிவிழா ஆண்டில் நாம் அளிக்கும் உறுதிமொழியாகும்.