தங்கும் உரிமை: திருவண்ணாமலையும் அதன் படித்த பிள்ளைகளும்

‘இளம் திறமையாளர்களை ஈர்ப்பது, தக்கவைப்பது’ என்கிற பேச்சு இன்று நடுத்தர நகரங்களைப் பற்றிய அரசுத் திட்டங்களிலும் தொழில் மாநாடுகளிலும் தவறாமல் அடிபடுகிறது. இச்சொல்லாடலில் நகரம் வலைவீசும்; படித்தவன் அதில் சிக்கும் மீன். அவன் தங்குவதற்கு எந்த உரிமையின் மீது நிற்பான் என்பது கேட்கப்படுவதில்லை. திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்தின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்து வாசிக்கலாம்.

தமிழகத்தில் ஆள் திரட்டிக் குடியமர்த்தியதற்கு நமக்குக் கிடைக்கும் மிக விரிவான பழைய சான்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுதான். சோழ நாட்டுத் தளிச்சேரிகளிலிருந்து 400 பெண்களை ராஜராஜன் தஞ்சைக்குக் கொண்டுவந்தான். ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு, ஆண்டுக்கு 100 கலம் நெல் விளையும் ஒரு பங்கு. ஒருவர் இறந்தால் தகுதியுள்ள உறவினர் அந்தப் பங்கைப் பெறலாம். விரும்பி வந்தார்களா என்று கல்வெட்டு சொல்லாது. ஆனால் வெறுங்கையோடு யாரையும் தங்கவைக்க முடியாது என்பது அந்த அதிகாரத்துக்குத் தெரிந்திருந்தது. அதே ராஜராஜனின் கல்வெட்டுகளில்தான் தீண்டாச்சேரியும் பறைச்சேரியும் வருகின்றன. வரி நீக்கப்பட்ட நிலக்கணக்கில் ஓர் இடப்பெயராக மட்டும். நெல்லை விளைவித்தவர்கள் ‘திறமையாளர்’ பட்டியலில் இல்லை. ஆக, தங்கும் உரிமை தொடக்கத்திலிருந்தே சாதியால் பங்கிடப்பட்ட ஒன்று. காணி என்கிற சொல்லுக்குள் இருப்பதும் இதுதான்.

திருவண்ணாமலைக்கு ஈர்ப்பு ஒருநாளும் குறைந்ததில்லை. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் வல்லாளன் இங்கே தலைமையிடம் கொண்டிருந்தான். 16ஆம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் ஆயிரங்கால் மண்டபம் கட்டினார். 1896இல் ரமணர் வந்தார். 1950 வரை ஊரைவிட்டு நகரவில்லை. 1934இல் பால் பிரண்டனின் நூல் வெளிவந்தபிறகு ஐரோப்பாவிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். துறவிக்கு ஊர் இடம் கொடுத்தது, பக்தர்கள் சோறு கொடுத்தார்கள். குடும்பஸ்தனுக்கு? ரமணரைப் பற்றி எழுதிய ஆர்தர் ஆஸ்பார்னின் குடும்பம் இந்த ஊரில் இருந்தது. அவரோ பிழைப்புக்காகச் சென்னையில் பத்திரிகை வேலைக்கும் கல்கத்தாவில் பள்ளி முதல்வர் வேலைக்கும் போக வேண்டியிருந்தது. மனசு மலையடிவாரத்தில், சம்பளம் வெளியூரில். வெள்ளைக்காரருக்கே அதுதான் நிலை.

இதில் ஓர் உடைப்பு வந்தது நவீன அரசால்தான். 1966இல் அரசு கலைக் கல்லூரி வந்தது. 1989இல் வட ஆற்காட்டைப் பிரித்துத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் உருவானபோது கலெக்டர் ஆபீசும் அதையொட்டிய அலுவலகங்களும் வந்தன. இதை வெறும் நிர்வாகச் செய்தியாகப் படித்துவிடக் கூடாது. கோயிலைச் சாராமல், நிலவுடைமையாளனின் தயவையும் சாராமல், இடஒதுக்கீட்டின் வழியாக ஒரு தலித்தோ பிற்படுத்தப்பட்டவரோ மாதச் சம்பளத்தோடு இந்த ஊரில் நிமிர்ந்து நடக்க வாய்ப்பு விரிந்தது. குமாஸ்தா வேலையை ஏளனம் செய்வது நம் அறிவுஜீவிகளின் பழைய வழக்கம். அந்தக் குமாஸ்தா வேலை சிலருக்கு முதன்முதலாகக் கிடைத்த காணி.

1980களிலும் 90களிலும் தமுஎச இங்கே விடிய விடிய நடத்திய கலை இலக்கிய இரவுகளை இந்தப் பின்புலத்தில் பார்க்க வேண்டும். பவா செல்லதுரை மின்வாரிய ஊழியராக இருந்தவர். தமிழகத்தின் பல சிற்றூர்களிலும் இப்படித்தான்: ஆசிரியர், எல்.ஐ.சி. ஊழியர், தபால்காரர், வங்கி எழுத்தர். இவர்கள்தான் சந்தா வசூலித்தார்கள், சுவரொட்டி ஒட்டினார்கள், சிறுபத்திரிகையை வாங்கிப் படித்தார்கள். அந்தப் பண்பாட்டின் பொருளாதார அடித்தளம் உள்ளூரிலேயே கிடைத்த, நிரந்தரமான, சங்கம் வைத்துக்கொள்ள முடிந்த ஒரு வேலை.

அந்த அடித்தளம்தான் பெயர்க்கப்பட்டது. 2001 நவம்பரில் தமிழக அரசு புதிய பணிநியமனங்களுக்குத் தடை போட்டது. 2006 வரை நீடித்தது. இடையில் 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான அரசு ஊழியர்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டார்கள். அந்தத் தடைக்காலத்தில் கல்லூரி முடித்த தலைமுறை பஸ் ஏறியது. “உன் பையன் எங்க கீறான்?” “பெங்களூர்ல கீறான்.” இந்த உரையாடல் கேட்காத தெரு இங்கே இல்லை. அதே பஸ்ஸில் சித்தாள் வேலைக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். ‘திறமை வெளியேற்றம்’ என்று புலம்புகிறவர்கள் கண்ணில் அவர்கள் படுவதில்லை.

போகிறவர்களை ஊர்ப்பற்று இல்லாதவர்கள் என்று சபிப்பதும் நியாயமில்லை. ஊர் எல்லோருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. இம்மாவட்டத்தின் தண்டராம்பட்டு வட்டம் தென்முடியனூரில் தலித் மக்கள் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. அதுவும் கலெக்டரும் போலீசும் உடன்நிற்க. சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்து 80 ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு! இங்கே பிறந்த ஓர் இளம் பொறியாளருக்கு, சாதி கேட்காமல் வாடகைக்கு வீடு கிடைக்கக்கூடும் என்கிற நம்பிக்கையே பெருநகரத்தின் ஈர்ப்பாக இருக்கலாம். சென்னையிலும் கேட்கிறான் என்பது வேறு விஷயம்.

இப்போது ஊர் 2024 முதல் மாநகராட்சி. 2024 மே மாதம் முதல் சென்னைக் கடற்கரையிலிருந்து நேரடி ரயில். பக்கத்து விழுப்புரத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்கா திறந்தார்கள்; திருவண்ணாமலைக்கும் ஒன்று அறிவிக்கப்பட்டது. வரட்டும். கட்டடம் வருவதை எதிர்ப்பது நம் வேலையல்ல. ஆனால் இதே மாவட்டத்தின் செய்யாற்றில் சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தரமாட்டோம் என்ற விவசாயிகளில் ஏழு பேர்மீது 2023 நவம்பரில் குண்டர் சட்டம் பாய்ந்தது. எதிர்ப்பு வலுத்தபிறகே அரசு பின்வாங்கியது. ஏற்கனவே தங்கியிருப்பவனின் காணியைப் பறித்துத்தான் புதியவனைத் தக்கவைக்க வேண்டுமா?

நகரத்துக்குள்ளேயும் இதே கணக்குதான். பௌர்ணமி கிரிவலம் பெருகப் பெருக, மலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையோரம் விடுதிகளும் மனைப் பிரிவுகளும் பெருகின. நிலத்தின் விலை உள்ளூர்ச் சம்பளத்தைப் பார்த்து ஏறுவதில்லை. வந்துபோகிறவன் பையைப் பார்த்து ஏறுகிறது. கூலிக்காரக் குடும்பங்கள் மலைச்சரிவில் ஏறி வீடு கட்டின. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் வ.உ.சி. நகரில் மண் சரிந்து ஏழு பேர் புதைந்தார்கள்; ஐந்து பேர் குழந்தைகள். உடனே ‘ஆக்கிரமிப்பு’ என்கிற சொல் தயாராக வந்தது. இந்த ஊரில் தங்குவதற்கு அவர்களுக்கு விடப்பட்டிருந்த இடம் அதுதான் என்பதை யாரும் அதே வேகத்தில் சொல்லவில்லை.

தக்கவைப்பது என்பது சலுகை தருவதல்ல, உரிமை தருவது. ஒப்பந்தம் முடிந்ததும் வெளியே போ என்று சொல்லாத வேலை, சங்கம் வைக்கும் உரிமை, உள்ளூர்ச் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகும் வாடகை, சாதி கேட்காத தெரு. மினி டைடல் பூங்காவின் அடிக்கல் முன்னால் எழுப்ப வேண்டிய கோரிக்கைகள் இவை. கணினி முன் உட்காரும் பையனும் வ.உ.சி. நகரில் எஞ்சியவர்களும் செய்யாற்று விவசாயியும் சேர்ந்து எழுப்பினால்தான் அவை எடுபடும். தனித்தனியாகக் கேட்டால் முதலாமவனுக்கு மட்டும் ஒரு நாற்காலி கிடைக்கும். அதுவும் கொஞ்ச நாளைக்கு.