ஓபர்லினில் திங்கட்கிழமை சலவை

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலத்தில், காடு திருத்திய நிலத்தில் 1833இல் தொடங்கப்பட்டது ஓபர்லின் கல்லூரி. மதுரையில் சிலருக்காவது இந்தப் பெயர் பழக்கமாக இருக்கும். அங்கே படித்த இளைஞர்கள் ஷான்சி என்ற அமைப்பின் வழியாக அமெரிக்கன் கல்லூரிக்கு வந்து பாடம் நடத்தியிருக்கிறார்கள். 1835இல் கறுப்பின மாணவர்களுக்கு இடம் தர முடிவு செய்ததும், 1837இல் நான்கு பெண்களை ஆண்களுக்குரிய பட்டப்படிப்பிலேயே சேர்த்துக்கொண்டதும் அந்தச் சின்னக் கல்லூரியின் பெரும் புகழ். நால்வரில் மூவர் 1841இல் பட்டமும் பெற்றார்கள். வழக்கமாக இதையெல்லாம் நிறுவனர்களின் கொடை என்றே எழுதுகிறார்கள். அது பாதி உண்மைதான். கதவைத் திறந்தது நிர்வாகம். உள்ளே வந்தவருக்கு என்ன உரிமை என்ற வழக்கைச் சமையற்கட்டிலும் வகுப்பறையிலும் கூலிக் கணக்கிலும் நடத்தியவர்கள் மாணவர்கள்.

கையில் காசில்லாத பிள்ளைகளும் உழைத்துப் படிக்கலாம் என்பதுதான் கல்லூரியின் அடிப்படை ஏற்பாடு. ‘கற்றலும் உழைப்பும்’ என்பதே அதன் முழக்கம். ஆண்கள் மரம் வெட்டினார்கள், வயலில் பாடுபட்டார்கள். பெண்கள் விடுதியைப் பெருக்கி, பாத்திரம் கழுவி, ஆண் மாணவர்களின் துணிகளையும் துவைத்துத் தைத்துக் கொடுத்தார்கள். திங்கட்கிழமை பெண்களுக்கு வகுப்பு கிடையாது, அன்று சலவை. சாப்பாட்டிலும் கண்டிப்பு: கிரகாம் என்பவரின் உணவுக் கொள்கைப்படி சில ஆண்டுகள் இறைச்சி, தேநீர், காப்பி, மிளகு எல்லாம் விலக்கப்பட்டிருந்தன. எதிர்ப்பு வலுத்து, 1841 வாக்கில் அந்தக் கட்டுப்பாடு கைவிடப்பட்டது. 1843இல் வந்து சேர்ந்த லூசி ஸ்டோன் என்ற மாணவிக்கு விடுதி வேலைக்கு மணிக்கு மூன்று சென்ட் கூலி. பாத்திரம் துடைக்கும்போதே கிரேக்கப் புத்தகத்தை எதிரில் சாய்த்து வைத்துப் படித்தவர் அவர். பெண்களைச் சேர்த்ததில் கொள்கை இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் கையால் நடந்த வீட்டுவேலைதான் அந்த விடுதி வாழ்க்கையைக் கட்டுபடியாக்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வகுப்பில் ஆண்களோடு உட்காரலாம், ஆனால் பேசக் கூடாது. சொற்கலை வகுப்பில் ஆண்கள் விவாதிக்க, பெண்கள் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். லூசியும் அவர் தோழி ஆன்டனெட் பிரவுனும் கேட்டுக்கொண்டதன் பேரில் பேராசிரியர் ஜேம்ஸ் தோம் ஒருமுறை இருவரையும் விவாதிக்க விட்டார். அதோடு அதற்கும் தடை வந்தது. அதன்பின் பெண்கள் சிலர் காட்டுக்குள் கூடி விவாதித்தார்கள். குளிர்காலத்தில் ஊரின் ஓரத்திலிருந்த கறுப்பினப் பெண் ஒருவர் தம் வீட்டில் இடம் கொடுத்தார். கூலி விஷயத்தில் மோதல் இன்னும் நேரடியானது. ஆயத்த வகுப்புகளுக்குப் பாடம் நடத்திய லூசி, அதே வேலைக்கு ஆண் மாணவர்கள் வாங்கிய சம்பளத்தைத் தனக்கும் கேட்டார். கிடைக்கவில்லை, 1845இல் வேலையை விட்டார். கல்லூரி தராவிட்டால் நியாயமான தொகையை நாங்களே தருகிறோம் என்று அவரிடம் படித்தவர்கள் சொன்னார்கள். மூன்று மாதத்தில் நிர்வாகம் இறங்கிவந்தது. லூசிக்கு மட்டுமல்ல, மற்ற மாணவி-ஆசிரியர்களுக்கும் சம ஊதியம் கிடைத்தது. 1847இல் பட்டமளிப்பு விழாக் கட்டுரையை எழுத லூசி மறுத்துவிட்டார். எழுதினாலும் அதை மேடையில் ஓர் ஆண்தான் வாசித்திருப்பார்.

அந்தக் காலத்தை அந்தக் காலத்தின் அளவுகோலால்தான் அளக்க வேண்டும், வேறெங்கும் பெண்களுக்கு இந்த அளவுகூடக் கிடைக்கவில்லையே என்பார்கள். சரிதான். ஆனால் இதை அநீதி என்றவர்கள் நாமல்ல. அதே விடுதியில் பாத்திரம் துடைத்தவர்கள். அவர்களின் அளவுகோலும் அந்தக் காலத்து அளவுகோல்தான்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கறுப்பினத்தவரைச் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தபோது ஓபர்லின் மாணவர்களிடமே கருத்துக் கேட்டார்கள். பெரும்பான்மை எதிராகத்தான் இருந்தது. அறங்காவலர் குழுவிலும் வாக்குகள் சமமாகப் பிரிய, தலைவர் ஜான் கீப்பின் வாக்கால்தான் முடிவானது. அப்படியென்றால் நியாயம் மேலிருந்துதானே வந்தது? முழுக்க அப்படியில்லை. அந்தக் கேள்வியைக் குழுவின் முன் கொண்டுவந்ததே சின்சினாட்டியின் லேன் இறையியல் பள்ளியை விட்டு வெளியேறிய மாணவர்கள்தான். அடிமை ஒழிப்பைப் பற்றிப் பேசத் தடை விதித்ததால் வெளியேறியவர்கள், நிற வேறுபாடின்றிச் சேர்க்கை நடந்தால்தான் ஓபர்லினுக்கு வருவோம் என்றார்கள். ஆக, மாணவர் என்றாலே நியாயத்தின் பக்கம் என்று நான் சொல்லவில்லை. பெரும்பான்மை தயங்கியபோது விடாமல் நெருக்கியவர்களும் மாணவர்களாகவே இருந்தார்கள் என்கிறேன். கறுப்பின மாணவர்கள் எண்ணிக்கையில் சிலர்தான். ஆனாலும் ஒரே வகுப்பில் படித்து ஒரே மேசையில் சாப்பிட்ட வாழ்க்கை அடுத்தடுத்து வந்தவர்களை மாற்றியது என்றே கருதுகிறேன். 1858 செப்டம்பரில், அடிமைத்தளையிலிருந்து தப்பி ஓபர்லினில் இருந்த ஜான் பிரைஸை ஆள்பிடிப்பவர்கள் பக்கத்து ஊரான வெலிங்டனுக்குக் கொண்டுபோனார்கள். மாணவர்களும் ஊராரும் திரண்டுபோய் அங்கே அவரை வைத்திருந்த ஓட்டலுக்குள் புகுந்து அவரை மீட்டார்கள்; பின்னர் அவர் கனடாவுக்கு அனுப்பப்பட்டார். இதற்காக 37 பேர் மீது வழக்குப் பாய்ந்தது. அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள், பேராசிரியர் ஹென்றி பெக்கும் இருந்தார். கிளீவ்லாந்து சிறையில் அடைபட்டிருந்தபோதும் அவர்கள் சும்மா இருக்கவில்லை. உள்ளிருந்தபடியே ஒரு செய்தித்தாள் அச்சிட்டு வெளியிட்டார்கள்.