இருவர் தொகுத்த ஏடு



காதலைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் தொடக்கத்தையே பேசுவர். கண்டதும் கலந்ததும் கதையாகும். கலந்தவர் முப்பது ஆண்டு ஒருங்கு வாழ்ந்தமை கதையாவது அரிது. அகப்பொருளுக்கு இலக்கணம் வகுத்த நம் முன்னோரோ களவோடு நின்றுவிடவில்லை. மணத்துக்குப் பிந்திய வாழ்வையும் கற்பு என்னும் தனிப் பகுதியாகக் கொண்டனர். அவ்வாழ்விலே காதல் எதனால் நிலைபெறுகின்றது? ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன் சீன தேசத்தில் வாழ்ந்த ஒரு தம்பதியின் வரலாறு இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை தருகின்றது.

மனைவியின் பெயர் லி சிங்ஜாவ். சீன மொழியின் பெண்பாற் புலவருள் தலையாயவர் எனப் போற்றப்படுபவர். கணவர் பெயர் ஜாவ் மிங்செங். சொங் வமிசத்தார் காய்ஃபெங் நகரிலிருந்து ஆண்ட காலத்தில், 1101ஆம் ஆண்டு, இவர்கள் மணம் நிகழ்ந்தது. சீனர் கணக்கின்படி மணமகளுக்கு வயது 18, மணமகனுக்கு 21. அவர் அப்போது அரச கல்விக் கழகத்தில் மாணவர்.

மிங்செங்குக்குப் பழைய சாசனங்களிலே தீராத பற்று இருந்தது. கல்லிலும் வெண்கலத்திலும் பொறித்த எழுத்தின்மேல் தாளை ஒட்டி மையொற்றி எடுக்கும் படிகளை அவர் தேடித் தொகுத்தார். மாதந்தோறும் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் விடுமுறை கிடைக்கும். அன்று தம் உடைகளை அடகு வைத்து ஐந்நூறு காசு பெற்று, கோயிற் சந்தைக்குச் சென்று, சில சாசனப் படிகளும் பழங்களும் வாங்கி வருவார். இருவரும் எதிரெதிரே அமர்ந்து, பழத்தைச் சுவைத்தபடியே பழைய எழுத்தைப் படிப்பர். ஒருமுறை புகழ்பெற்ற ஓவியர் ஒருவரின் மலரோவியம் விலைக்கு வந்தது. விலை இரண்டு இலட்சம் காசு. இரண்டு இரவுகள் அதனை வீட்டில் வைத்துப் பார்த்தனர். பொருளில்லாமையால் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பல நாள் ஏங்கினர்.

அரசியலும் இவர்களை விட்டுவைக்கவில்லை. இருவரின் தந்தையரும் எதிரெதிர்க் கட்சிகளைச் சார்ந்தவர்கள். முதலில் மகளின் தந்தை பதவியிழந்தார். பின்னர், 1107இல், அமைச்சராயிருந்த மிங்செங்கின் தந்தை இறந்ததும் அக்குடும்பமும் வீழ்ந்தது. தம்பதியர் தலைநகரை நீங்கி, ஷாந்துங் பகுதியிலே பத்தாண்டுக்கு மேல் ஒதுங்கி வாழ்ந்தனர்.

அவ்வாண்டுகளே இவர்கள் வாழ்வின் பொற்காலம். உணவிலும் உடையிலும் சிக்கனம் செய்து நூல் வாங்கினர். இரவுதோறும் ஒரு மெழுகுவர்த்தி எரிந்து தீரும்வரை படிகளை ஒப்பு நோக்கிப் பிழை திருத்தினர். உணவுக்குப்பின் தேநீர் காய்ச்சிவிட்டு ஒரு விளையாட்டு ஆடுவர். இன்ன செய்தி எந்த நூலில், எந்தப் பாகத்தில், எந்தப் பக்கத்தில், எத்தனையாம் வரியில் உள்ளது எனச் சொல்லவேண்டும். சரியாகச் சொன்னவரே முதலிற் பருகலாம். வென்றவர் சிரித்த சிரிப்பிலே தேநீர் மடியிற் சிந்திவிட, பருகாமலே எழுந்ததும் உண்டாம். நூல்களைக் காக்கும் விதிகள் மிகுந்து, பூட்டும் திறவுகோலும் பதிவேடும் பெருகியபோது தமக்குச் சலிப்புத் தோன்றியதையும் அந்த அம்மையார் மறைக்கவில்லை. நெடுநாள் இல்வாழ்வில் இத்தகைய பிணக்கும் இயல்பன்றோ?

1127இல் வடக்கிலிருந்து வந்த சுர்சென் படைகளிடம் தலைநகர் வீழ்ந்தது. மிங்செங் தெற்கே சென்றார். பெரியனவும் பாரமானவையும் கழிக்கப்பட்ட பின்னரும் எஞ்சியவை பதினைந்து வண்டிகள் நிறைந்தன. ஊரிற் பூட்டி வைத்துவந்த பத்துக்கு மேற்பட்ட அறைகளின் பொருள்கள் அவ்வாண்டு முடிவிலே சாம்பராயின.

மிங்செங் குறையற்ற வீரர் அல்லர். இன்றைய நான்ஜிங் நகரை ஆளும் பொறுப்பிலிருந்தபோது, கலகம் மூண்ட ஓரிரவில் அவர் மதிலிலிருந்து கயிறு வழியே இறங்கித் தப்பினார் என்று வரலாறு கூறும். அதே 1129ஆம் ஆண்டின் கோடையில் அரசரின் அழைப்பை ஏற்றுப் புறப்பட்டவர், ஆற்றங்கரையிலே படகிலிருந்த மனைவியிடம் விடைபெற்றார். ஆபத்து வந்தால் யான் செய்வது யாது என்று அவர் உரத்துக் கேட்டார். முதலில் மூட்டை முடிச்சுகளைக் கைவிடுக, பின்னர் உடைகளை, பின்னர் நூல்களை, அதன்பின் பழங்கலங்களை. வழிபாட்டுக் கலங்களை மட்டும் நீயே சுமந்து அவற்றோடு வாழ்க, அவற்றோடு மடிக என்ற கருத்துப்பட விடையிறுத்துக் குதிரையைச் செலுத்தினார். வெயிலில் விரைந்தமையால் நோயுற்றார். செய்தி கேட்ட மனைவி இரவு பகலாகப் படகிலே விரைந்து வந்து சேர்ந்தும், அவர் உயிரைக் காக்க இயலவில்லை. எட்டாம் மாதத்தில் அவர் காலமானார்.

அதன்பின் அம்மையார் பட்டவை சொல்லுந் தரமன்று. பாதுகாப்புக்கென அனுப்பிய இருபதினாயிரம் நூற்சுருள்களும் இரண்டாயிரம் சாசனப் படிகளும் போரில் அழிந்தன. கலங்களும் கைவிட்டுப் போயின. படுக்கையருகே வைத்துக் காத்த சில பெட்டிகளையும் ஒருவன் சுவரிற் கன்னமிட்டுத் திருடினான். 1132இல், நோயும் தனிமையும் சூழ்ந்த நிலையில், வேறொருவரை மணந்தார். அவர் கொடியவராக வாய்த்தார். மோசடியால் பதவி பெற்றவர் அவர் என்று அம்மையாரே வழக்குத் தொடுத்து மணவிலக்குப் பெற்றார். கணவன்மேற் குற்றஞ்சாட்டும் மனைவி சிறைபுக வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். அறிந்தே புகுந்தார், ஒன்பது நாளில் விடுதலையானார்.

இம்மறுமணத்தை அக்காலத்தார் எள்ளினர். பிற்காலப் பண்டிதர் சிலரோ, இத்தகைய புலவர் மறுமணம் செய்திரார் என்று அதனையே மறுக்க முற்பட்டனர். இரு சாராரும் தவறான அளவுகோலையே கையிற் கொண்டனர் எனலாம். அன்பின் உறுதியை அறிய அந்த அம்மையார் அடுத்துச் செய்ததைப் பார்த்தல் வேண்டும்.

மிங்செங் எழுதிவந்த சாசனப் பதிவேடு ஒன்று எஞ்சியிருந்தது. 30 பகுதிகள், 2,000 சாசனங்களின் பட்டியல், அவற்றுள் 502க்கு அவர் எழுதிய ஆராய்ச்சிக் குறிப்புகள். அம்மையார் அதனைப் பேணி, ஒரு பின்னுரையும் எழுதிச் சேர்த்தார். அடகு வைத்த உடையும், சிந்திய தேநீரும், ஆற்றங்கரைப் பிரிவும் இன்று நமக்குத் தெரிவது அப்பின்னுரையினாலேயே. சேர்ந்தவை பிரிவதும், ஒருவர் இழந்ததை மற்றொருவர் பெறுவதும் உலக நியதியே என்று அதில் அவர் தம்மைத் தேற்றிக்கொள்கின்றார்.

கலங்களோடு மடிக என்ற கணவரின் சொல்லை அவர் நிறைவேற்றவில்லை. ஆனால் கலங்கள் வாங்கிய பொருள்கள். பதிவேடோ இருவரும் ஒரு மெழுகுவர்த்தி வெளிச்சத்திலே செய்த உழைப்பு. சொல்லை விட்டு, அச்சொல்லின் உள்ளே இருந்த வாழ்வைக் காத்தார். மூலக் கற்கள் பல அழிந்தொழிந்த பின்னரும், சீன வரலாற்றை ஆராய்வோர் இன்றும் அந்நூலை நாடுகின்றனர். இருவர் கூடித் தொடங்கிய பணியை, ஒருவர் மறைந்த பின்னும் மற்றவர் தொடர்ந்து முடிப்பதே நிலைத்த காதலுக்கு உரிய சாசனமாகும்.