துரையின் காரும் மாமாவின் சாவிக்கட்டும்

கொழும்பில் வழக்கறிஞராக இருக்கும் நண்பர் ஒருவர் அண்மையில் தொலைபேசியில் அழைத்தார். பல ஆண்டுகள் பாடுபட்டுத் திருத்திய தமது 1948ஆம் ஆண்டு எம்.ஜி. டி.சி. காரில், ஏப்ரல் வசந்த காலத்தின்போது இரத்தினபுரி வழியாக மலையேறி, அப்புத்தளையில் ஓர் இரவு தங்கி, வெலிமடைப் பாதையால் நுவரெலியாவுக்குப் போக இருப்பதாகச் சொன்னார். "நீர் அந்த ஊர்க்காரர். வண்டியில் என்னென்ன சாமான் எடுத்துப் போகவேண்டும், சொல்லும்" என்றார்.

கார் ஓட்டத் தெரியுமே தவிர, அதன் உள்ளுறுப்புகளைப் பற்றிப் பெரிதாக அறியாதவன் நான். ஆனால் என் வீட்டுப் பரணில் ஒரு சாக்குப்பை இருக்கிறது. அதற்குள் எண்ணெயில் ஊறிய துணியில் சுற்றப்பட்ட 11 சாவிகள். தமிழ்நாட்டு வாசகர்கள் ஸ்பானர் என்று படித்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் அதற்குச் சாவி என்றே பெயர். அவை என் மாமாவுடையவை. அப்புத்தளைக்குக் கீழே இருந்த ஒரு தோட்டத்தின் தேயிலைத் தொழிற்சாலையில் அவர் பிட்டராக வேலை பார்த்தவர். நண்பருக்குப் பதில் சொல்வதற்காக அந்தப் பையை இறக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

முதலில் பாதையைச் சொல்லவேண்டும். பலாங்கொடையைத் தாண்டி ஹல்துமுல்லை வந்ததும் வலப்பக்கம் தென்பகுதிச் சமவெளி முழுவதும் காலடியில் விரிந்து கிடக்கும். பெரகலைச் சந்தியில் வெல்லவாயப் பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பினால் அப்புத்தளை சில கிலோமீற்றர்தான். அந்தச் சில கிலோமீற்றர்தான் பழைய கார்களின் பரீட்சை மண்டபம். ஊர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,400 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். காற்று இலேசாக இருப்பதால் கீழே சரியாக இருந்த பெற்றோல் கலவை மேலே கனத்துப்போகும், பிளக் கரிபிடிக்கும். போதாக்குறைக்கு மாலையில் பள்ளத்தாக்கிலிருந்து எழும் மூடுபனி ஐந்து நிமிடத்தில் ஊரையே விழுங்கிவிடும். கொதிக்கும் ரேடியேட்டர், இருமும் எஞ்சின், எரியாத விளக்கு ஆகிய மூன்றையும் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் ஊவாத் தோட்டங்களுக்கு வந்த இளம் துரைமாருக்கு எம்.ஜி. காரின் மேல் ஒரு மோகம் இருந்தது. இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1945 முதல் 1949 வரை சுமார் 10,000 டி.சி. கார்கள் செய்யப்பட்டன. கூரை என்று சொல்லத்தக்க கூரை இல்லாத, 1250 சி.சி. எஞ்சின் கொண்ட சிறு வண்டி அது. மழையும் பனியும் மாறிமாறி வரும் மலைநாட்டுக்கு இதைவிடப் பொருத்தமற்ற வண்டியைக் கண்டுபிடிப்பது கடினம். ஆனால் நுவரெலியாவில் 1934ஆம் ஆண்டு தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி ஒவ்வோர் ஏப்ரலிலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சின்னத் துரைமார் வார நாட்களில் மலைச் சுற்றுக்கும், சனிக்கிழமை கிளப்புக்கும், ஏப்ரலில் போட்டிக்கும் ஒரே வண்டியையே நம்பியிருந்தார்கள்.

வண்டி வாங்கும்போது அதனுடன் ஓர் ஆயுதக்கட்டும் வந்தது. பானட்டை உயர்த்தினால் எஞ்சினுக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு பெட்டி இருக்கும். சாவிகள், ஜக், காற்றடிக்கும் பம்பு, முன்னால் செருகிச் சுழற்றும் ஹாண்டில் ஆகியவற்றுடன் ஒரு சுத்தியலும் உண்டு. சுத்தியல் எதற்கென்று இன்றைய தலைமுறை திகைக்கலாம். கம்பிச் சக்கரங்களை நட்டுகள் நான்கைந்து சேர்ந்து பிடிக்கவில்லை. நடுவில் இரண்டு காதுகள் உள்ள ஒரே பெரிய நட்டுத்தான் பிடித்தது. அதைச் சாவியால் கழற்ற முடியாது, தட்டித்தான் கழற்றவேண்டும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் காது சிதையும் என்பதால் செம்பு அல்லது தோல் முகம் வைத்த சுத்தியல். அந்தச் சுத்தியல் தொலைந்தால், பஞ்சரான சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான்.

இனிச் சாவிகள். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. ஜோசப் விட்வர்த் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1841ஆம் ஆண்டு திருகாணிகளுக்கு ஒரு பொது அளவை முன்வைத்தார். அதற்குமுன் ஒவ்வொரு பட்டறையும் தனக்கென ஒரு மரை வைத்திருந்தது. விட்வர்த் சாவியின் மேல் "கால் அங்குலம்" என்று பொறித்திருந்தால், சாவியின் வாய் கால் அங்குலம் அல்ல. அது திருகும் ஆணியின் தடிப்பே கால் அங்குலம். இன்றைய சாவிகளோடு பழகியவர்கள் இதைக் கண்டு தலையைச் சொறிவார்கள். 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகள் சேர்ந்து வேறொரு பொது மரையை ஏற்றுக்கொண்டன. பிரித்தானியக் கார்கள் மெல்லமெல்ல அதற்கு மாறின. எனவே ஐம்பதுகளின் வண்டி ஒன்றுக்கு இரண்டு வகைச் சாவிக்கட்டுகள் தேவைப்படுவது உண்டு.

டி.சி. காரின் கதை இன்னும் வேடிக்கையானது. முதலாம் உலகப்போரின்போது பிரெஞ்சு ஆயுதக் கம்பனியான ஹொட்ச்கிஸ், கவென்றியில் ஒரு தொழிற்சாலை அமைத்தது. போருக்குப்பின் அது கார் எஞ்சின்கள் செய்தது. 1923இல் மோரிஸ் அதை விலைக்கு வாங்கினார். அங்கிருந்த யந்திரங்கள் வெட்டியதோ பிரெஞ்சு மில்லிமீற்றர் மரை. அத்தனை யந்திரங்களையும் மாற்றக் கட்டுப்படியாகாது. ஆங்கில மெக்கானிக்கின் பையில் இருப்பதோ விட்வர்த் சாவி. ஆகவே மரையை மில்லிமீற்றரிலும், ஆணியின் தலையை விட்வர்த் அளவிலும் செய்துவிட்டார்கள். அந்த வழியில் பிறந்ததுதான் டி.சி.யின் எஞ்சின். சாவி பொருந்தும், கடையில் வாங்கிய ஆணி பொருந்தாது. இன்றைய மில்லிமீற்றர் ஆணியாவது பொருந்துமா என்றால் அதுவும் பொருந்தாது. இன்று கடையில் கிடைக்கும் 8 மில்லிமீற்றர் ஆணியின் மரை இடைவெளி பொதுவாக 1.25 மில்லிமீற்றர், இந்த எஞ்சினில் அது 1 மில்லிமீற்றர். ஓர் ஆணி பள்ளத்தில் விழுந்துவிட்டால் துரையின் ஓட்டம் அன்றோடு முடிந்தது.

முடியாமல் பார்த்துக்கொண்டவர்கள் யார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப்படுகிறது. தோட்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நினைவுக் குறிப்புகளில் கார்கள் நிறைய வரும், பழுதும் வரும், "எப்படியோ திருத்திவிட்டோம்" என்றும் வரும். அந்த 'எப்படியோ'வின் உள்ளே தொழிற்சாலைப் பட்டறை இருக்கிறது. தேயிலைத் தொழிற்சாலையின் யந்திரங்கள் எல்லாம் பிரித்தானியாவிலிருந்து வந்தவை: பெல்பாஸ்ட் நகரின் சிரோக்கோ உலர்த்திகள், கெயின்ஸ்பரோ மார்ஷல் கம்பனியின் அரைக்கும் யந்திரங்கள். அவற்றின் நட்டும் ஆணியும் விட்வர்த் வழிவந்தவை. அந்த யந்திரங்களைக் கழற்றிப் பூட்டிய தமிழ்ப் பிட்டர்களின் கையில் அதற்குரிய சாவிகள் ஏற்கெனவே இருந்தன. துரையின் விளையாட்டுக் காருக்கு அப்புத்தளையில் ஒரு மெக்கானிக் இருந்ததற்குக் காரணம் தேயிலைதான். உடைந்த ஆணியைக் கடைசலில் வைத்துப் புதிதாக மரைவெட்டித் தந்தவர்கள் அவர்களே. அந்தக் கார்களில் ஏறி உட்கார்ந்து போனவர்கள் அவர்களில் எத்தனைபேர் என்று கேட்கவேண்டாம். தள்ளிப் போனவர்கள் நிறையப்பேர்.

உதிரிப்பாகம் கொழும்பிலிருந்து ரயிலில் வரவேண்டும். 1893இலேயே ரயில் அப்புத்தளையை எட்டிவிட்டது என்பது பெரிய வசதி. ஆனாலும் நாட்கள் ஆகும். எனவே வண்டியிலேயே சில பொருட்கள் இருந்தாக வேண்டும். மாமா வைத்திருந்த வரிசையை என் தாயார் மனப்பாடமாகச் சொல்வார்: பேன் பெல்ட் ஒன்று, ரேடியேட்டர் குழாய் இரண்டு, பிளக், பொயின்ட், கொண்டென்சர், ரோட்டர், பல்பு, பியூஸ், முறுக்குக் கம்பி, பட்டுத்துணி, நாலு போத்தல் தண்ணீர். இவற்றில் பாதி மின்சாரச் சாமான் என்பதைக் கவனிக்கவேண்டும். லூக்காஸ் கம்பனியின் மின்கருவிகளுக்கு உலகெங்கும் 'இருளின் இளவரசர்' என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. கேலியில் சற்று அநியாயமும் இருக்கிறது; அப்புத்தளைப் பனியில் நனைந்த டிஸ்ரிபியூட்டர் மூடி எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் அடம்பிடிக்கும். பட்டுத்துணி அதைத் துடைக்கத்தான்.

எஸ்.யு. பெற்றோல் பம்பின் வைத்தியம் இன்னும் எளிது. உள்ளே உள்ள தொடுமுனை ஒட்டிக்கொண்டால் 'டக் டக்' ஓசை நின்றுவிடும். சாவியின் பின்புறத்தால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓசை வரும். ஏற்றத்தின் சூட்டில் குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகி நின்றால் நனைத்த துணியைச் சுற்றவேண்டும். டாங்கி கசிந்தால் சவர்க்காரத்தை அப்புவார்கள், பெற்றோலில் அது எளிதில் கரையாது. ரேடியேட்டர் கசிந்தால் மஞ்சள் தூள். லயத்துச் சமையலறை துரையின் காருக்கும் சேர்த்துத்தான் இயங்கியது. இன்னொன்றை மாமா அடித்துச் சொல்வாராம்: லொறியிலிருந்து பற்றரியைக் கடன் வாங்கினால் கம்பியைப் பார்த்து மாட்டு. அக்காலப் பிரித்தானியக் கார்கள் பெரும்பாலானவற்றில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும்.

அறுபதுகளில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. காரும் உதிரிப்பாகமும் கட்டுப்பாட்டுக்குள் போயின. 1968இல் செலாவணி உரிமைச் சான்றிதழ் முறை வந்தபின், அவசியமற்றவை என்று கருதப்பட்ட இறக்குமதிகளின் விலை மேலும் ஏறியது. எழுபதுகளின் முதற்பாதியில் நிலைமை இன்னும் இறுகியது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. எஞ்சியிருந்த வெள்ளைத் துரைமாரும் கப்பலேறினார்கள். கார்கள் தங்கிவிட்டன. ஒன்றை உடைத்து இன்னொன்றை ஓட்டும் காலம் அது. கொழும்புப் பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளுக்குப் பொற்காலம். 1977இல் கதவு திறந்து, ஜப்பானியக் கார்கள் வந்தன. கூடவே மில்லிமீற்றர் சாவிகளும் வந்தன. விட்வர்த் சாவிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின.

அதே ஆண்டுகளில் இன்னொரு பயணமும் நடந்துகொண்டிருந்தது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போகவேண்டும் என்று முடிவாயிற்று. எண்களாகப் பேசப்பட்ட அந்த மக்களுக்குள் கொழுந்து பறித்தவர்கள் மட்டுமல்ல, பிட்டர்களும் டிரைவர்களும் தச்சர்களும் இருந்தார்கள். என் மாமாவுக்கு 1974இல் முறை வந்தது. அப்போது எனக்கு ஆறு வயது. அப்புத்தளை ரயில் நிலையத்தில் அவர் என்னைத் தூக்கியதும், அவருடைய சட்டையில் கிறீஸ் வாசம் அடித்ததும் மட்டும் நினைவிருக்கிறது.

தொண்ணூறுகளில் ஒரு செய்திப் பணிக்காகத் தமிழகம் சென்றபோது கூடலூருக்குப் போய் அவரைப் பார்த்தேன். லொறிப் பட்டறை ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்தார். சாவிகளை ஏன் விட்டுவிட்டு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"எடை மாப்பிள்ளை. ஒங்க அத்தை அம்மிக்கல்லத் தூக்கிக்கிட்டா. ரெண்டுல ஒண்ணுதான் தூக்க முடிஞ்சிச்சு" என்றார். உள்ளேயிருந்த அத்தை, "அம்மி இன்னும் அரைக்குது" என்றார்.

அவர் கொண்டுபோயிருந்தது பொயின்ட் இடைவெளி பார்க்கும் தகட்டுக்கட்டு ஒன்றைத்தான். சட்டைப்பையில் அடங்கும், எடையும் இல்லை. ஆயிரத்தில் 12 பங்கு அங்குலத் தகட்டின் முனை தேய்ந்து வளைந்திருந்தது. டி.சி.யின் பொயின்டுக்கு அந்தத் தகடுதான் என்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

தொண்ணூறுகளில் வேறொன்றும் நடந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்துவந்த சார்ள்ஸ் வெயர் என்பவரின் முயற்சியோடு சேர்ந்து, இலங்கையில் மோரிஸ் மைனரின் உடற்பாகங்களைச் செய்து இங்கிலாந்துக்கே அனுப்பும் தொழில் ஒன்று தொடங்கியது. இறக்குமதி இல்லாமல் கையாலேயே பாகம் செய்து பழகிய நாட்டில் அந்தத் திறமை மிஞ்சியிருந்ததில் வியப்பில்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு 2025 வரை நீடித்தபோதும், பழைய வண்டிகள் மறுபடி ஒருமுறை கொட்டகைகளிலிருந்து வெளியே வந்தன.

நண்பருக்கு நான் சொன்ன பட்டியல் மாமாவுடையதேதான். கூடுதலாக மூன்று: ஒரு நல்ல டோர்ச், சக்கரத்துக்கு அடைகொடுக்க மரக்கட்டை, மூடி திறக்காத பிரேக் எண்ணெய் டின். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும்; ஈரம் கலந்த எண்ணெயோடு பெரகலை இறக்கத்தில் இறங்குவதைவிட நடந்து வருவது மேல். அரைத்தண்டு ஒன்றும் கிடைத்தால் வைத்துக்கொள்ளும்படி சொன்னேன்; இந்த வகை வண்டிகளில் அது முறியும் என்பதைப் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் ஒருவரும் உறுதிசெய்தார்.

சாவிகளை எண்ணெய் போட்டுத் துடைத்து, தாயார் சுற்றிய அதே துணியில் மறுபடி சுற்றிக் கொடுத்தேன். பதினொன்றையும் எண்ணி, தாளில் எழுதி, நண்பரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். வழக்கறிஞர் ஆயிற்றே, கோபித்துக்கொள்ளவில்லை.