ஐந்து இருக்கைகள்

1920-இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்திற்குத் தேர்தல் நடந்தபோது, தேர்ந்தெடுக்கப்பட வேண்டிய 98 இடங்களுள் 5 இந்தியக் கிறிஸ்தவர்க்கெனத் தனித்தொகுதிகளாக ஒதுக்கப்பட்டிருந்தன. அதைப் பெருமையோடு நினைவுகூர்வோர் நம்மிடையே உண்டு. ஆனால் அந்த ஐவரைத் தேர்ந்தெடுத்தவர் யாவர் என்று நாம் கேட்பதில்லை. வாக்குரிமை பெரும்பாலும் நிலவரி, நகராட்சி வரி செலுத்தியோர்க்கே உரியதாயிருந்தது. மாகாணத்தின் ஏறத்தாழ 4 கோடி மக்களுள் சுமார் 12½ இலட்சம் பேரே வாக்காளர். அன்று மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திண்டுக்கல்லில் தோல் பதனிட்ட கூலியாளும், சுற்றுச் சமவெளியில் பிறர் நிலத்தில் உழைத்தவரும் அப்பட்டியலுக்கு வெளியே நின்றனர். ஒரே திருப்பலியில் முழந்தாளிட்டோரை வரிச்சீட்டு பிரித்தது! 1921-இல் அம்மன்றம் பெண்களுக்கும் வாக்குரிமை வழங்கத் தீர்மானித்தது, மெச்சத்தக்கதே. எனினும் அதுவும் சொத்துடைய பெண்டிர்க்கே பயன்பட்டது. அக்கூலியாளின் வீட்டார் வாக்களிக்க 1952 வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பொழுது கிறிஸ்தவர்க்கெனத் தனி இருக்கை ஒன்றும் இல்லை.